கியரைப் போடும் முன் காற்றை இறக்குங்கள்: 4×4 கேள்வி-பதில்

'கரடுமுரடான பாதையில் குதிரைத்திறனைவிட டயரும் எடையும்தான் வண்டியைக் கரை சேர்க்கும்' என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். ஒப்புக்கொண்டு வந்த கடிதங்களைவிடச் சண்டைக்கு வந்த கடிதங்களே அதிகம். அவற்றில் சிலவும், நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் 4×4 வண்டிகள் பற்றிய வழக்கமான சந்தேகங்களும் இந்த இதழில்.

எஸ்டேட்டுக்குள் தினமும் கல் ரோடு, மழைக்காலத்தில் சேறு. மஹிந்திரா தார் டீசல் 4×4 எடுப்பதா, மாருதி ஜிம்னியா? ஷோரூமில் கேட்டால் அவரவர் வண்டியைத்தான் சொல்கிறார்கள்.
— வால்பாறை வாசகர்

முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் பாதையின் மிகக் குறுகலான இடத்தை அளந்து பாருங்கள். ஜிம்னியின் அகலம் 1,645 மி.மீ. மூன்று கதவுத் தாரின் அகலம் 1,820 மி.மீ. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் வடிகால் என்றிருக்கும் பாதையில் இந்த ஒரு சாண் கூட இல்லாத வித்தியாசம்தான் சக்கரம் ஓரத்தில் இறங்குமா, இறங்காதா என்பதைத் தீர்மானிக்கும். அடுத்தது எடை. ஜிம்னி சுமார் 1,200 கிலோ. தார் டீசல் 4×4 அதைவிட ஐந்நூறு கிலோவாவது கூடுதல். ஈர மண்ணில் ஜிம்னி மேலாகப் போய்விடும், தார் புதையும். புதைந்த பிறகு தாரின் 300 நியூட்டன் மீட்டர் டார்க் (என்ஜினின் சுழற்று விசை) குழியை இன்னும் ஆழமாக்கத்தான் உதவும்.

அடிப்பாகமும் வேறு வேறு. ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் ஆக்ஸிலும் சேர்ந்து எழும். அதற்கடியில் உள்ள இடைவெளி குறையாது. தாரில் பின்பக்கம் முழு ஆக்ஸில், முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன். ஓட்டச் சுகம், வளைவில் நிலை எல்லாம் தாருக்குச் சாதகம். ஆனால் முன்பக்கம் பாரம் அழுத்தி ஸ்பிரிங் அமுங்கும்போது வண்டியின் வயிறும் தரையை நெருங்கும். அட்டவணையில் தாருக்கு 226, ஜிம்னிக்கு 210 மி.மீ. என்று போட்டிருப்பது சமதளத்தில் நிற்கும்போது எடுத்த அளவு.

இனி தாரின் பக்கம். ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் 134 நியூட்டன் மீட்டர்தான் தரும். நாலு பேர், இரண்டு உர மூட்டை, ஏசி, ஏற்றம் என்று சேர்ந்தால் மூச்சு வாங்கும். ஃபோர்-லோ (நான்கு சக்கரமும் குறைந்த வேகத்தில் அதிக இழுவையோடு சுழலும் கியர்) போடாமல் தீராது. பொள்ளாச்சிக்கு வாரம் இருமுறை இறங்கி ஏற வேண்டும், 40 கொண்டை ஊசி வளைவிலும் லாரிக்குப் பின்னால் நிற்காமல் தாண்ட வேண்டும் என்றால் டீசல் தார்தான் நிம்மதி. எஸ்டேட் எல்லைக்குள்ளேயே சுற்றுபவர், ஒருவர் இருவர் பயணம் என்றால் ஜிம்னியை எடுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் இரண்டாவது ரகம் என்றே படுகிறது.

ஜிம்னி எடுத்தால் ஒரு பழக்கம் வேண்டும். அதில் டிஃபரன்ஷியல் லாக் (ஒரே ஆக்ஸிலின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு) இல்லை. அந்தரத்தில் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தி, மறு சக்கரத்துக்கு விசையை அனுப்பும் ஏற்பாடுதான் உண்டு. சக்கரம் சுழன்ற உடனே பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுகிறார்கள்; அந்த ஏற்பாடு வேலையைத் தொடங்கும் முன்பே நின்றுவிடுகிறது. என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓரிரு வினாடி அப்படியே பிடியுங்கள். கடகடவென்று சத்தம் வரும், பிறகு வண்டி நகரும்.

'டயர்தான் முக்கியம்' என்பது பாதி உண்மை. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் லாக் இருக்கிறது. அது ஏறும் பாறையில் உங்கள் டயர் தத்துவம் ஏறாது. பதில் சொல்லுங்கள்.
— கோயம்புத்தூர் வாசகர்

குறுக்காக இரண்டு சக்கரம் தூக்கி நிற்கும் இடத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆக்ஸிலின் நடுவிலிருந்து இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் சமமான விசையையே தரும். ஒரு சக்கரம் காற்றில் என்றால் அதைச் சுழற்றத் தேவையான சொற்ப விசைதான் தரையில் உள்ள சக்கரத்துக்கும். அந்த இடத்தில் லாக் இல்லாமல் எந்த டயரும் உதவாது. தாரின் மேல் வேரியன்ட்களில் பின் டிஃபரன்ஷியலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக் வருகிறது. இரண்டு சக்கரத்துக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் 'டக்'கென்று பிடிக்கும். அந்தச் சத்தத்தைப் பழுது என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு ஓடுபவர்கள் உண்டு, ஓட வேண்டாம்.

ஆனால் மணலிலும் சேற்றிலும் கதை மாறும். அங்கே நான்கு சக்கரமும் தரையில்தான் இருக்கின்றன, தரைதான் தாங்குவதில்லை. இரண்டு லாக்கையும் போட்டு மிதித்தால் ஒரு குழிக்குப் பதில் நாலு குழி கிடைக்கும். பக்கவாட்டுச் சரிவில் இன்னும் மோசம். லாக் இல்லாதபோது ஒரு சக்கரம் சுழன்றாலும் மறு சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியை நிறுத்திவைக்கும். லாக் போட்டால் இரண்டும் ஒன்றாக வழுக்கி, பின்பக்கம் பள்ளத்தை நோக்கி நகரும். ஆகவே கூர்க்கா வைத்திருப்பவர்கள் பின் லாக்கை முதலில் போடுங்கள். போதவில்லை என்றால் மட்டும் முன் லாக், அதுவும் நேர்கோட்டில். முன் லாக் போட்டபடி ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி திரும்பாது. ஆக்ஸில் ஜாயின்ட்தான் உடையும்.

காற்றை இறக்கச் சொல்கிறீர்கள்; எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. கணக்கு வேண்டும்.
— தூத்துக்குடி வாசகர்

கதவோர ஸ்டிக்கரில் உள்ள அழுத்தத்திலிருந்து தொடங்குங்கள். தார், கூர்க்கா அளவுள்ள வண்டிக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது எடுத்த கணக்கு இது. ஜல்லி ரோட்டில் 26 முதல் 28 பி.எஸ்.ஐ. சேறு, ஈரப் புல் என்றால் 20 முதல் 22. பாறையில் 18 முதல் 20. அதற்குக் கீழே போனால் டயரின் பக்கச்சுவர் பிதுங்கிக் கல்லில் கிழியும். காய்ந்த மணலில் 15 முதல் 18. மணலில் புதைந்தே விட்டால் 12 வரை இறக்கி வெளியே வரலாம், வந்ததும் 16க்கு ஏற்றிவிட வேண்டும். 12 பி.எஸ்.ஐ.யில் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று காற்று மொத்தமும் போகும். ஜிம்னி எடை குறைவு என்பதால் மணலுக்கு மேலே சொன்னதைவிட இரண்டு பி.எஸ்.ஐ. குறைக்கலாம்.

காற்று குறைந்தால் டயர் அகலமாவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் படியும். தரையில் படும் பரப்பு கூடும். ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும் விழும் பாரம் குறையும். புதையாததன் ரகசியம் அவ்வளவுதான். இறக்கிய பிறகு 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதீர்கள். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். சேதம் அன்றைக்குத் தெரியாமல் ஒரு மாதம் கழித்து நெடுஞ்சாலையில் வெடிக்கும்.

திரும்ப ஏற்றுவதற்கு பம்ப் வாங்கும்போது பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் ரகத்தை வாங்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் பம்ப் பத்து ஆம்பியர் இழுத்தாலே அந்த ஃபியூஸின் எல்லையைத் தொட்டுவிடும். பாதியில் ஃபியூஸ் போனால் இரண்டு டயரில் 32, இரண்டு டயரில் 16 என்று நடுவழியில் நிற்க வேண்டியதுதான். பம்ப் ஓடும்போது என்ஜினை அணைக்காதீர்கள்.

கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு பொலேரோ சேசிஸ் வரை இறங்கிவிட்டது. டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தோம். முன் கொக்கி பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. எங்கே தவறு?
— கோவில்பட்டி வாசகர்

மூன்று இடத்தில். நீங்கள் கட்டியது இழுவைக் கொக்கிதானா என்று பாருங்கள். வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காகக் கம்பெனியில் வைக்கும் வளையம் ஒன்று இருக்கும். பார்த்தால் கொக்கி போலவே தெரியும், புதைந்த வண்டியின் இழுவையைத் தாங்காது. சேசிஸோடு போல்ட்டில் முறுக்கிய கொக்கியில்தான் கட்ட வேண்டும். இரண்டாவது, சங்கிலி. அதற்கு நீட்சி கிடையாது. தொய்வாக விட்டு டிராக்டர் கிளம்பினால் மொத்த அடியும் ஒரே நொடியில் கொக்கியின் மேல் விழும். மூன்றாவது, தோண்டாமல் இழுத்தது. கரிசலில் சேசிஸ் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் இழுப்பது வண்டியை மட்டுமல்ல. அதன் வயிற்றில் ஒட்டியிருக்கும் களிமண்ணையும் சேர்த்துத்தான்.

முறை இதுதான். ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் அடியில் உள்ள மண்ணை மண்வெட்டியால் வெட்டி எடுங்கள். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் இரண்டடி நீளத்துக்குச் சரிவாக வெட்டுங்கள், சக்கரம் படிப்படியாக ஏறுகிற மாதிரி. வீல் ஆர்ச்சில் அடைத்த மண்ணைக் கம்பியால் தட்டி எடுங்கள்; அது இருக்கும்வரை சக்கரம் சுழலவே திணறும். ஜாக்கி வைப்பதானால் அடியில் ஓரடிக்கு ஓரடி கனமான பலகை போடுங்கள். இல்லையென்றால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். சக்கரத்தைத் தூக்கி அடியில் பருத்திமாரோ கருவேலங்குச்சியோ பரப்புங்கள். காற்றை 18க்கு இறக்குங்கள்.

பிறகு நைலான் ஸ்ட்ராப். வண்டியின் மொத்த எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு தாங்கும் என்று முத்திரை குத்தியதை வாங்குங்கள். எட்டு டன், ஒன்பது மீட்டர் கிடைக்கும். இணைக்க 19 மி.மீ. ஷாக்கிள் (முள் போட்டுப் பூட்டும் இரும்பு வளையம்), 4.75 டன் என்று எழுத்துப் பொறித்தது. எழுத்து இல்லாத கடை ஷாக்கிள் வேண்டாம். டிராக்டரில் கட்டும்போது கீழே உள்ள டிராபாரில்தான் கட்ட வேண்டும். மேலே ஹைட்ராலிக் டாப் லிங்க்கில் கட்டினால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி ஓட்டுநரின் மேலேயே கவிழும். ஊர்ப்பக்கம் உயிரைக் குடிக்கிற பழக்கம் இது. ஸ்ட்ராப் இறுகும்வரை டிராக்டர் மெல்ல நகரட்டும், இறுகியதும் உங்கள் வண்டியும் இரண்டாம் கியரில் மெதுவாகச் சேர்ந்து முயலட்டும். ஸ்ட்ராப்பின் நடுவே ஈரச் சாக்கைப் போட்டுவையுங்கள். அறுந்தால் தரையில் விழும். வேடிக்கை பார்க்கும் கூட்டம் ஸ்ட்ராப்பின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மட்டும் கட்டவே கூடாது. அது உடைந்து பறந்தால் குண்டு.

மழையில் நெடுஞ்சாலையில் பிடிமானத்துக்காக ஃபோர்-ஹை (சாதாரண வேகத்தில் நான்கு சக்கர இழுவை) போட்டு ஓட்டலாமா?
— திண்டுக்கல் வாசகர்

தார், ஜிம்னி, கூர்க்கா மூன்றிலும் வேண்டாம். முன், பின் ஆக்ஸில்களை வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரன்ஷியல் இவற்றில் இல்லை. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, விசையை முன்னும் பின்னும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் ஒரே வேகத்தில் கட்டிப்போடும். மண்ணில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க முடியாமல் முறுக்கு முழுவதும் கியரில் ஏறும். இரு சக்கர இழுவையான டூ-ஹைக்கு லீவர் திரும்ப மறுப்பது அதன் அறிகுறி. லீவரை முரட்டுத்தனமாக இழுக்காமல், ஸ்டியரிங்கை நேராக்கிப் பத்தடி ரிவர்ஸ் போங்கள், கழன்றுவிடும்.

தாரை உயர்த்த இரண்டு இன்ச் லிஃப்ட் கிட், 33 இன்ச் டயர். போடும் கடைக்காரர் 'ஒன்றும் ஆகாது' என்கிறார்.
— சேலம் வாசகர்

கடைக்காரருக்கு ஒன்றும் ஆகாது, அது உண்மை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி தந்த அடிப்படை அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு என்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். தாரின் 255/65 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 789 மி.மீ. 33 இன்ச் என்பது 838. ஆறு சதவீதத்துக்கும் மேல் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது கூடுதலாக ஐந்து கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். எல்லாக் கியரிலும் அதே அளவு இழுவை குறைந்துவிடும். ஏற்றத்தில் கிளட்ச்சை உருக்குவது இதுதான். கனமான டயரை நிறுத்தப் பழைய பிரேக்தான். முன்பக்கம் இன்டிபென்டன்ட் என்பதால் லிஃப்ட் செய்ததும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் எப்போதும் சாய்ந்தே சுழலும்; முதலில் ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் சிதறும், மண் புகும், பிறகு ஜாயின்ட் 'கடக் கடக்' என்னும்.

அந்தப் பணத்தில் கம்பெனி அளவிலேயே நல்ல ஆல்-டெரெய்ன் டயர் ஐந்து வாங்குங்கள். ஐந்தாவது ஸ்டெப்னிக்கு, அளவு மாறிய ஸ்டெப்னியை மாட்டி ஃபோர்-லோ போடுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸை முறுக்கும் வேலைதான். முன்னால் மாட்டும் இரும்பு பம்பரும் வேண்டாம். புல் பாருக்கு எதிராக நடவடிக்கை எடுக்க மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஏர்பேக் சென்சார் எந்த நேரத்தில் வேலை செய்யும் என்பதையும் அது கெடுக்கும்.

என் வண்டியின் வாட்டர் வேடிங் (இறங்கக்கூடிய தண்ணீரின் ஆழம்) 650 மி.மீ. டிசம்பர் மழையில் தைரியமாக இறங்கலாம்தானே?
— வேளச்சேரி வாசகர்

650 என்பது அசையாத நீரில் மெதுவாகப் போகும்போது. பலருக்கு அது முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. எதிரே மாநகரப் பேருந்து ஒன்று வந்தால் எழும் அலை அதற்கு மேல் வரும். ஓடுகிற நீர் என்றால் இரண்டடி போதும், பெரும்பாலான கார்களை மிதக்கவைத்துவிடும். நகரத்தில் ஆழத்தைவிடப் பெரிய ஆபத்து திறந்து கிடக்கும் மழைநீர் வடிகால். கம்பு ஊன்றி நடந்து பார்க்காத தண்ணீரில் வண்டியை விடாதீர்கள்.

இறங்கத்தான் வேண்டும் என்றால் ஃபோர்-லோ, முதல் அல்லது இரண்டாம் கியர், நடக்கும் வேகம். உங்களுக்கு முன்னால் ஒரு சின்ன அலை சீராக ஓட வேண்டும். அதை முந்தாதீர்கள், நடுவில் நிற்காதீர்கள், கிளட்ச்சை மிதிக்காதீர்கள். கூரை உயரத்திலிருந்து காற்றை எடுக்கும் ஸ்நார்கல் குழாய் என்ஜின் மூச்சைத்தான் காப்பாற்றும்; ஆல்டர்னேட்டரும் வயரிங்கும் அதே தண்ணீரில்தான் இருக்கின்றன.

நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் அது இருக்கும்போது பிஸ்டன் எழுந்தால் கனெக்டிங் ராட் வளையும். அப்படி வளைந்ததற்குச் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பணம் கிடைக்காது. என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

யாரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு: ஆக்ஸில். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அதைத் தடுக்கத்தான் பிரீதர் குழாய். மண் அடைத்திருந்தால் பயனில்லை. மறுநாள் டிஃபரன்ஷியலின் ஃபில்லர் பிளக்கைக் கழற்றி ஆயிலில் விரலை விட்டுப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அன்றே மாற்ற வேண்டும். ஒரு மாதம் விட்டால் பேரிங் போய், ஆயில் செலவைப் போலப் பல மடங்கு ஆகும்.

தோட்டத்துக்குள்ளேயே டீசல் வண்டி ஓடுகிறது. டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. கம்பெனியில் சுத்தம் செய்தும் திரும்ப வருகிறது.
— கம்பம் வாசகர்

வண்டியில் குறையில்லை, ஓட்டத்தில்தான். டிபிஎஃப் என்பது டீசல் புகையின் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர். அதில் சேரும் கரியை எரிக்க அதற்குள் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். பத்து கி.மீ. வேகத்தில் தோட்டத்தைச் சுற்றினால் அது வராது. வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் 60 கி.மீ.க்கு மேல், 2,000 சுற்றுக்குக் குறையாமல், இருபது இருபத்தைந்து நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். எரிப்பு நடக்கும்போது பாதியில் அணைத்துவிட்டால் எரிக்கத் தெளித்த டீசல் என்ஜின் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் கூடியிருந்தால் 'பரவாயில்லை, ஆயில் குறையவில்லையே' என்று சந்தோஷப்படாதீர்கள். ஆயில் நீர்த்திருக்கிறது, மாற்றுங்கள். டிபிஎஃப்புக்கென்றே உள்ள சாம்பல் குறைந்த ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். இன்னொன்று: எரிப்பு நடக்கும்போது காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். தீப்பிடிக்கும்.

தினமும் ஐந்து கி.மீ. தாண்டாதவருக்கு இன்றைய டீசல் வண்டியே பொருந்தாது. பெட்ரோல் எடுத்திருக்கலாம்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்ற இசுசு வி-கிராஸ் அல்லது டொயோட்டா ஹைலக்ஸ் வாங்க ஆசை.
— பழனி வாசகர்

ஆசைக்கு வாங்கலாம், காய்க்கு வேண்டாம். இரண்டும் 5.3 மீட்டர் நீளம். மார்க்கெட் சந்தில் திருப்புவதற்குள் ஏலம் முடிந்துவிடும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்து, அதிலும் ஐந்து பேரின் எடையைக் கழித்துப் பாருங்கள்; மிச்சத்தில் எத்தனை தக்காளிப் பெட்டி? ஒரு டன்னுக்கு மேல் ஏற்றுவதற்கென்றே வரும் பொலேரோ பிக்கப் அந்த வேலையை மூன்றில் ஒரு பங்கு பணத்தில் செய்யும். ஆள் பாதி, சரக்கு பாதி என்றால் பொலேரோ கேம்பர். ஹைலக்ஸின் 500 நியூட்டன் மீட்டர், 700 மி.மீ. வேடிங் எல்லாம் நிஜமான பலம்தான். மலைத்தோட்டமும் நீண்ட பயணமும் சேர்ந்திருப்பவர் யோசிக்கலாம். காலி வண்டியாக மழையில் ஓட்டும்போது பின்பக்க லீஃப் ஸ்பிரிங் துள்ளும், பின் சக்கரம் வழுக்கும். ஆக்ஸிலுக்கு நேர் மேலே நூறு கிலோ மணல் மூட்டையைக் கட்டிவைத்தால் அடங்கும்.

ஏணி வடிவ சேசிஸின் மேல் உடலைப் பொருத்தும் லேடர் ஃபிரேம் வண்டிகளின் காலம் முடிகிறது என்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஜிஎஸ்டி குறைந்ததில் 4×4 ரசிகர்களுக்கு என்ன லாபம்?
— சென்னை வாசகர்

உங்கள் பக்கம் ஆதாரம் இருக்கிறது. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 2019இலேயே சேசிஸை விட்டு, உடலும் சட்டமும் ஒன்றாக அமைந்த மோனோகாக்குக்கு மாறிவிட்டது; 900 மி.மீ. தண்ணீரில் இறங்குகிறது. மஹிந்திராவும் 2025 ஆகஸ்ட் 15 அன்று காட்டிய விஷன் டி கான்செப்ட்டில் தாரின் முகத்தை மோனோகாக் அடித்தளத்தின் மேல்தான் வைத்தது. டாடா ஹாரியர் மின்சாரக் காரில் முன்னும் பின்னும் ஒவ்வொரு மோட்டார், டிரான்ஸ்ஃபர் கேஸே இல்லை. நின்ற நிலையிலிருந்தே முழு டார்க் தரும் மோட்டாருக்கு ஃபோர்-லோ போன்ற லோ ரேஞ்ச் தேவையும் குறைவு. 2027 ஏப்ரலில் தொடங்கவிருக்கும் அடுத்த கட்ட எரிபொருள் சிக்கன விதிகள் கனமான டீசல் வண்டிகளை இன்னும் நெருக்கும்.

நண்பர்கள் பக்கமும் ஆதாரம் உண்டு. லேடர் ஃபிரேம் என்றால் பாதுகாப்பு இல்லை என்ற பேச்சைத் தார் ராக்ஸ் 2024இல் பாரத் என்சிஏபி மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கி முடித்துவைத்தது. குருகிராமில் செய்த ஐந்து கதவு ஜிம்னியை 2025 ஜனவரியில் ஜப்பானில் அறிமுகப்படுத்தியபோது நாலே நாளில் 50,000 பேர் முன்பதிவு செய்ய, சுசுகி பதிவையே நிறுத்திவைத்தது. இங்கே அதே வண்டிக்குத் தள்ளுபடி கொடுத்தும் கூட்டம் வரவில்லை. நம் ஊரில் விற்பது காட்டு வண்டியின் தோற்றம். ஜப்பானில் விற்றது வண்டி. கடினமான வேலைக்கு சேசிஸ் வண்டி இருக்கும், ஆனால் விலை கூடிக்கொண்டே போகும் என்பது எங்கள் கணிப்பு. தோற்றத்துக்கு வாங்குபவர்களை மோனோகாக் அழைத்துக்கொண்டு போய்விடும்.

ஜிஎஸ்டியில் உண்மையான லாபம் 4×4க்கு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் கிடைக்க, நீளம் நாலு மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி எல்லை. 1.5 லிட்டர் டீசல் தார் அதில் வந்துவிட்டது, ஆனால் அது பின்சக்கர வண்டி. 2.2 டீசல் 4×4, கூர்க்கா எல்லாம் 40 சதவீதம். நாலு மீட்டருக்குள் அடங்கியும் 1,462 சிசி பெட்ரோல் என்பதால் ஜிம்னியும் 40தான். குட்டி வண்டி என்று நினைத்து வரிக்கணக்கு போட்டவர்கள் ஏமாந்தது இங்கேதான்.

தேரிக்காட்டு மணலில் வண்டி ஓட்டிப் பழக அனுமதி உண்டா?
— திருச்செந்தூர் வாசகர்

குதிரைமொழித் தேரி காப்புக்காடு. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போகக் கூடாது. கடற்கரை மணலும் சரியல்ல. ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையிடும் காலம், டயர் தடமே குஞ்சுகளுக்குப் பள்ளம். பட்டா நிலத்தில், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு பழகுங்கள்.

பழைய மஹிந்திரா ஜீப். 50 கி.மீ. வேகத்தில் சின்னப் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் வெடவெடவென்று ஆடுகிறது, நிறுத்தினால்தான் அடங்குகிறது. மெக்கானிக் ஸ்டியரிங் பாக்ஸை மாற்றச் சொல்கிறார்.
— போடி வாசகர்

அவசரப்படாதீர்கள். முழு ஆக்ஸில் ஜீப்புகளுக்கே உரிய நடுக்கம் இது. பாக்ஸ் காரணமாக இருப்பது அபூர்வம். செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகப் போங்கள். முன் டயர் இரண்டையும் பின்னால் மாற்றி ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் குறைந்தால் டயர் அல்லது பேலன்ஸிங்தான். அடுத்து, என்ஜினை அணைத்து ஒருவரை ஸ்டியரிங்கை இடம் வலமாக ஆட்டச் சொல்லி, கீழே படுத்து டை ராட் முனை, டிராக் லிங்க் ஒவ்வொன்றிலும் கை வையுங்கள். ஆட்டம் கையில் தெரியும். பிறகு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின். கிங் பின் என்றால் பேரிங்கைப் பார்த்து ஷிம்மை (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) குறைத்து இறுக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவில். மலைப்பாதை ஜீப்புகளில் பாதிக்குப் பாதி இந்த இடத்திலேயே சரியாகிவிடும். லீஃப் ஸ்பிரிங் ஷாக்கிள் புஷ், யூ போல்ட் இறுக்கம், டோ-இன் (முன் சக்கரங்கள் உள்நோக்கிச் சாயும் அளவு) மூன்றும் அதற்குப் பிறகு. இத்தனையும் பார்த்து நடுக்கம் மிஞ்சினால் மட்டும் பாக்ஸைத் திறக்கச் சொல்லுங்கள்.